365-லிருந்து 121: பிரிட்டன் கட்சிகள் ஏன் இப்படி ஏறி இறங்குகின்றன?

கேள்வி இது: 2019 டிசம்பரில் 365 இடங்களைப் பிடித்த கன்சர்வேட்டிவ் கட்சி, 2024 ஜூலையில் 121 இடங்களோடு நின்றது. இனி எழுந்திருக்கப் பல வருடம் ஆகும் என்று பலரும் கணித்த தொழிலாளர் கட்சி 202-லிருந்து 411-க்குத் தாவியது. நாலரை வருடத்தில் ஒரு நாட்டு மக்களின் மனம் இவ்வளவு மாறுமா?

மாறியது உண்மைதான். ஆனால் அது தொழிலாளர் கட்சியின் பக்கம் மாறவில்லை. பலரும் இந்த இடத்தில்தான் தவறிப் போகிறார்கள். ஜெரமி கோர்பின் தலைமையில் தொழிலாளர் கட்சி படுதோல்வி கண்ட 2019-ல் அதற்கு விழுந்த வாக்குகள் 1 கோடியே 2 லட்சத்துக்கும் மேல். கியர் ஸ்டார்மர் தலைமையில் அபார வெற்றி பெற்ற 2024-ல் விழுந்தவை சுமார் 97 லட்சம். ஐந்து லட்சத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது, இடங்களோ இரண்டு மடங்காகி இருக்கின்றன. அதே கோர்பின் 2017-ல் தோற்றபோது வாங்கியது 1 கோடியே 28 லட்சம். வாக்கு விகிதமாகப் பார்த்தால் ஸ்டார்மருக்குக் கிடைத்தது 33.7 சதவீதம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இவ்வளவு குறைந்த விகிதத்தில் எந்தக் கட்சியும் தனிப்பெரும்பான்மை பெற்றதில்லை.

அப்படியானால் என்ன நடந்தது? கன்சர்வேட்டிவ் வாக்கு பாதியாக உடைந்தது. 1 கோடியே 39 லட்சம் இருந்தது 68 லட்சமானது. அதில் ஒரு பகுதி வலதுசாரித் தலைவர் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யுகே கட்சிக்குப் போனது. ஒரு பகுதி தெற்கு இங்கிலாந்தின் வசதியான ஊர்களில் லிபரல் டெமாக்ரட்டுகளிடம் போனது. இன்னொரு பகுதி வீட்டை விட்டே வெளியே வரவில்லை. 2019-ல் 67 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 60 சதவீதத்துக்கு இறங்கியது.

2019-ல் இதற்கு நேர் எதிர். அப்போது ஃபராஜ் நடத்திய கட்சியின் பெயர் பிரெக்ஸிட் கட்சி; ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதுதான் பிரெக்ஸிட். கன்சர்வேட்டிவ் வசம் ஏற்கெனவே இருந்த 317 தொகுதிகளில் தன் வேட்பாளர்களை நிறுத்துவதில்லை என்று அவர் முடிவெடுத்தார். வலதுசாரி வாக்கு ஒரே பெட்டியில் விழுந்தது. எதிர்த்தரப்பு வாக்கு தொழிலாளர் கட்சி, லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சி, ஸ்காட்லாந்தில் தனிநாடு கோரும் எஸ்.என்.பி. என்று சிதறியது. 2024 ஜூன் 3 அன்று ஃபராஜ் தானே களமிறங்கி, கட்சித் தலைமையையும் கையில் எடுத்துக்கொண்டார். இந்த முறை வலதுபக்கம் பிளந்தது. ஒரு தொகுதியில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கே வெற்றி என்ற முறையில், எதிரி இரண்டாக நிற்கிறானா ஒன்றாக நிற்கிறானா என்பதுதான் பாதிக் கணக்கு. இந்தியாவுக்கும் இதே முறை பிரிட்டனிலிருந்து வந்ததுதான் என்பதால் இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை.

ஒரு தொகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தால் முழுப் படமும் தெரிந்துவிடும். சவுத் வெஸ்ட் நார்ஃபோக். விவசாய மண், கன்சர்வேட்டிவ் கோட்டை. 2019-ல் அங்கே லிஸ் டிரஸ் 69 சதவீத வாக்குகளோடு, 26,195 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024-ல் அதே டிரஸ், அதற்குள் ஒருமுறை பிரதமராக வந்து போனவர், 630 வாக்கில் தோற்றார். வென்ற தொழிலாளர் கட்சி வேட்பாளருக்கு எவ்வளவு? 26.7 சதவீதம்தான். டிரஸுக்கு 25 சதவீதம், ரிஃபார்முக்கு 22 சதவீதத்துக்கு மேல். டிரஸ் மீது அதிருப்தி கொண்ட உள்ளூர் கன்சர்வேட்டிவ் அனுதாபிகளை நம்பி நின்ற ஒரு சுயேச்சை 14 சதவீதம் கொண்டுபோனார். நான்கு பேரில் மூவர் வேண்டாம் என்று சொன்ன கட்சி அந்தத் தொகுதியை வென்றது. இதை மோசடி என்று சொல்ல முடியாது, விதிப்படிதான் நடந்தது. ஆனால் இந்த வெற்றியை மக்கள் தந்த ஆணை என்று படித்த ஆட்சியாளர்கள் அடுத்த வருடமே அதற்கு விலை கொடுத்தார்கள். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

2010 முதல் 2024 வரை ஆண்ட கன்சர்வேட்டிவ் பிரதமர்கள் ஐந்து பேர். அன்று இரவு அவர்களில் நால்வரின் தொகுதிகள் கைமாறின. டேவிட் கேமரனின் விட்னியும் தெரசா மேயின் மெய்டன்ஹெட்டும் லிபரல் டெமாக்ரட்டுகளிடம் போயின. போரிஸ் ஜான்சனின் அக்ஸ்பிரிட்ஜும் டிரஸின் நார்ஃபோக்கும் தொழிலாளர் கட்சிக்கு. ரிஷி சுனக் மட்டும் யார்க்ஷயரில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

சரி, எதிரி பிளந்ததால் தொழிலாளர் கட்சி வென்றது. ஆனால் எதிரி ஏன் பிளந்தான்? இங்கேதான் தலைவர்களின் கதை வருகிறது.

பிரிட்டனில் ஒரு கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேறு, அவரோடு தினமும் வேலை செய்ய வேண்டியவர்கள் வேறு. பிரிட்டன் அரசியலின் பெரிய நோய்களில் ஒன்று இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1965-க்கு முன்பு கன்சர்வேட்டிவ் தலைவரை மூத்தவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். 1965-ல் முதல்முறையாக எம்.பி.க்கள் வாக்களித்து எட்வர்ட் ஹீத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எம்.பி.க்களின் கையில் இருந்தவரை ஒரு கொடூரமான ஒழுங்கு இருந்தது. மூன்று பொதுத்தேர்தல்களில் வென்று, பதினோரு ஆண்டுகள் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரையே 1990 நவம்பரில் அவர்கள் இறக்கினார்கள். முதல் சுற்றில் அவருக்கு 204, எதிர்த்து நின்ற மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152. பெரும்பான்மை இருந்தது, ஆனால் விதிப்படி தேவையான முன்னிலைக்கு நான்கு வாக்கு குறைந்தது. அவ்வளவுதான், இரண்டே நாளில் பதவி விலகுவதாக அறிவித்தார். ஆளுக்கு ஒரே அளவு என்று விதிக்கப்பட்ட தலை வரிக்கு எதிரான போராட்டம் அந்த வருடம் தெருவில் வெடித்திருந்தது. அடுத்த தேர்தலில் தங்கள் தொகுதி போய்விடும் என்று எம்.பி.க்கள் பயந்தார்கள். அந்தப் பயம் கட்சியைக் காப்பாற்றியது. 1992-ல் ஜான் மேஜர் 1 கோடியே 40 லட்சம் வாக்குகளோடு வென்றார். பிரிட்டன் வரலாற்றில் எந்தக் கட்சியும் அதற்கு மேல் வாங்கியதில்லை.

1998-ல் அப்போதைய கன்சர்வேட்டிவ் தலைவர் வில்லியம் ஹேக் விதிகளை மாற்றினார். எம்.பி.க்கள் இருவரைத் தேர்ந்து அனுப்புவார்கள், கடைசித் தீர்ப்பு கட்சி உறுப்பினர்களுடையது. கேட்க ஜனநாயகமாக இருக்கிறது. 2001-ல் என்ன ஆனது? எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கென்னத் கிளார்க்குக்கு 59, இயன் டங்கன் ஸ்மித்துக்கு 54, மைக்கேல் போர்ட்டிலோவுக்கு 53. ஒரே வாக்கில் போர்ட்டிலோ வெளியே போனார். எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்கு ஆதரவுகூட இல்லாத டங்கன் ஸ்மித்தை உறுப்பினர்கள் பெரும்பான்மையாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பொதுத்தேர்தலைக்கூடச் சந்திக்காமல் 2003 அக்டோபரில் 90-க்கு 75 என்று எம்.பி.க்கள் அவரை வெளியேற்றினார்கள்.

தொழிலாளர் கட்சியில் இதே கதை 2015-ல் இன்னும் பெரிதாக நடந்தது. போட்டியிட 35 எம்.பி.க்களின் முன்மொழிவு தேவை. கோர்பினுக்கு அவ்வளவு ஆதரவு இல்லை. விவாதம் விரிவாக இருக்கட்டும் என்று, அவரை ஆதரிக்காத சிலரே கடைசி நேரத்தில் கையெழுத்து போட்டுக் கொடுத்தார்கள். அவர் 59.5 சதவீதத்தோடு முதல் சுற்றிலேயே வென்றுவிட்டார். மறு வருடம் எம்.பி.க்கள் 172-க்கு 40 என்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். உறுப்பினர்கள் இன்னும் அதிக வாக்குகளோடு அவரைத் திரும்ப அனுப்பினார்கள். தன் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு வேண்டாத தலைவர் எப்படி நாட்டிடம் நம்பிக்கை கேட்பார்? கோர்பின் பேசிய பல விஷயங்களில் நியாயம் இருந்தது, 2017-ல் 40 சதவீதம் வாங்கியதையும் மறுக்க முடியாது. ஆனால் கட்சிக்குள் அந்தப் பிளவு ஆறவே இல்லை.

அப்புறம் 2022. கோவிட் ஊரடங்கின்போது பிரதமர் இல்லத்தில் நடந்த விருந்துகள் பற்றிய சர்ச்சைக்குப் பின் ஜூன் 6 அன்று ஜான்சன் மீது நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 211 பேர் ஆதரித்தார்கள், 148 பேர் எதிர்த்தார்கள். வென்றும் ஒரு மாதம்தான் தாங்கினார். நிதியமைச்சர் சுனக்கும் சுகாதார அமைச்சர் சஜித் ஜாவிதும் ராஜினாமா செய்ததும் மற்றவர்கள் வரிசையாக வெளியேற, ஜூலை 7-ல் பதவி விலகலை அறிவித்தார். அடுத்த தலைவருக்கான போட்டியில் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் சுனக் 137, டிரஸ் 113. உறுப்பினர்களோ டிரஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 81,326 பேர் போட்ட வாக்கில் ஒரு நாட்டுக்குப் பிரதமர் கிடைத்தார்.

செப்டம்பர் 23-ல் அவருடைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங் ஒரு குறுநிதிநிலை அறிக்கை வைத்தார். ஆண்டுக்கு 4,500 கோடி பவுண்டு அளவுக்கு வரிக்குறைப்பு, அதற்குப் பணம் எங்கிருந்து என்ற விளக்கம் இல்லை. பவுண்டு சரிந்தது. அரசுக் கடன்பத்திரங்களின் விலை விழுந்ததில் ஓய்வூதிய நிதிகள் ஆடிப்போய், ஐந்தே நாளில் இங்கிலாந்து வங்கி தலையிட வேண்டியதாயிற்று. வீட்டுக்கடன் வட்டி ஆறு சதவீதத்தைத் தாண்டியது. 49 நாளில் டிரஸ் போனார்.

இதை ஒரு தலைவரின் தவறு என்று மட்டும் பார்ப்பது போதாது. கன்சர்வேட்டிவ் கட்சியின் மூலதனமே 'பணத்தை எங்களுக்குக் கையாளத் தெரியும்' என்ற நம்பிக்கைதான். அவர்களைப் பிடிக்காதவர்கள்கூட அந்த ஒன்றுக்காக வாக்களிப்பார்கள். 1992 செப்டம்பர் 16-ல் அது ஒருமுறை உடைந்தது. நாணயங்களின் மதிப்பை ஒரு வரம்புக்குள் வைத்திருக்கும் ஐரோப்பிய நாணயமாற்று ஏற்பாட்டில் பவுண்டைக் காப்பாற்ற ஒரே நாளில் வட்டியை 10-லிருந்து 12, பிறகு 15 என்று அறிவித்து, கடைசியில் தோற்று வெளியேறினார்கள். தேர்தலில் வென்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதன் பிறகு பொருளாதாரம் நன்றாகவே வளர்ந்தது, ஆனாலும் மக்கள் மன்னிக்கவில்லை. 1997-ல் 165 இடங்களுக்கு இறங்கினார்கள், டோனி பிளேர் 418 பிடித்தார். வீட்டுக்கடன் தவணை கட்டுகிற குடும்பத்துக்கு ஏற்பட்ட அடி, அரசியல் பேச்சால் ஆறுவதில்லை. சுனக் நிதானமாக ஆண்டார், விலைவாசி உயர்வும் குறைந்தது. எதுவும் உதவவில்லை.

இப்போது மூன்றாம் கட்சிகளுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை பிரிட்டன் அரசியலின் மிகப் பெரிய அநீதி இங்கேதான் இருக்கிறது.

1981-ல் தொழிலாளர் கட்சியிலிருந்து பிரிந்த ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் ஆகியோரின் எஸ்.டி.பி. என்ற புதுக்கட்சி, 1983 தேர்தலில் லிபரல்களோடு கூட்டணி வைத்து 25.4 சதவீத வாக்கு வாங்கியது. தொழிலாளர் கட்சிக்கு 27.6. இடைவெளி இரண்டே சதவீதம். இடங்கள்? கூட்டணிக்கு 23, தொழிலாளர் கட்சிக்கு 209. காரணம் எளிது. தொழிலாளர் கட்சியின் வாக்கு நிலக்கரிச் சுரங்க ஊர்களிலும் ஆலை நகரங்களிலும் குவிந்து கிடந்தது. கூட்டணியின் வாக்கு நாடெங்கும் சீராகப் பரவி, பல இடங்களில் இரண்டாவதாகத்தான் வந்தது. வயல் முழுக்க விரலளவு தண்ணீர் நின்றால் ஏற்றம் போட முடியாது, கிணறாகச் சேர வேண்டும்.

2015-ல் அதுவே மீண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகக் கோரிய யுகிப் கட்சிக்கு 38 லட்சத்துக்கும் மேல் வாக்கு, ஒரே ஒரு இடம், கிளாக்டன். எஸ்.என்.பி.க்கு 14 லட்சத்துச் சொச்சம், ஆனால் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56. அதற்கு முந்தைய தேர்தலில் ஸ்காட்லாந்தில் 41 இடம் வைத்திருந்த தொழிலாளர் கட்சிக்கு ஒன்றே மிஞ்சியது. 2014 சுதந்திர வாக்கெடுப்பில் தோற்ற தரப்பின் 45 சதவீதம் ஒரே கட்சியின் பின்னால் நின்றது, வென்ற 55 சதவீதம் மூன்று கட்சிகளுக்குச் சிதறியது. 2024-ல் எஸ்.என்.பி. 9-க்குச் சரிந்து, தொழிலாளர் கட்சி 37 ஆனது.

இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தது லிபரல் டெமாக்ரட்டுகள். கல்லூரிக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று கையெழுத்திட்டுவிட்டு, 2010-ல் கன்சர்வேட்டிவ் கட்சியோடு அமைத்த கூட்டணி அரசில் அதை 9,000 பவுண்டு வரை உயர்த்தச் சம்மதித்ததற்காக 2015-ல் 57-லிருந்து 8 இடமாகத் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்கள். 2024-ல் எட் டேவி தலைமையில் தங்களால் வெல்ல முடிந்த தொகுதிகளில் மட்டும் ஆளையும் பணத்தையும் இறக்கினார்கள். 12 சதவீத வாக்கில் 72 இடங்கள். அதே தேர்தலில் 14 சதவீதம் வாங்கிய ரிஃபார்முக்கு 5.

எந்தத் தொகுதியில் நிற்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன் 2015-ல் ஹாரோ ஈஸ்டில் தொழிலாளர் கட்சி சார்பில் நின்று தோற்றார். 2024-ல் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று, அந்த நாடாளுமன்றத்தின் முதல் தமிழ்ப் பெண் எம்.பி. ஆனார். ஹாரோ ஈஸ்ட் எப்படிப்பட்ட இடம் என்றால், கன்சர்வேட்டிவ் கட்சி நாடெங்கும் நொறுங்கிய 2024-லும் அந்தக் கட்சி 50 சதவீதத்தைத் தாண்டிய ஒரே தொகுதி அதுதான்.

கட்சிகள் ஏறி இறங்குவது சரி, ஒரு பெரிய கட்சி அழியுமா என்றும் கேட்கலாம். அழிந்திருக்கிறது. 1906 தேர்தலில் சுமார் 400 இடங்களைப் பிடித்தது லிபரல் கட்சி. 1916 டிசம்பரில் முதல் உலகப்போரின் நடுவே பிரதமர் ஆஸ்க்வித்தை இறக்கி அதே கட்சியின் லாயிட் ஜார்ஜ் பிரதமரானார், கட்சி இரண்டாகப் பிளந்தது. 1918-ல் வாக்குரிமை விரிந்து, சுமார் 77 லட்சமாக இருந்த வாக்காளர்கள் 2 கோடியைத் தாண்டினார்கள். புதிதாக வந்த தொழிலாளிகளுக்குச் சங்கம் இருந்தது, அந்தச் சங்கத்துக்கு ஒரு கட்சி இருந்தது. 1923 தேர்தலில் தொழிலாளர் கட்சி 191, லிபரல் 158. லிபரல்கள் ஆதரவு தந்து தொழிலாளர் கட்சியின் ராம்சே மெக்டொனால்டைப் பிரதமராக்கினார்கள். பத்து மாதம் கழித்து நடந்த தேர்தலில் லிபரல்களுக்கு 40. மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டதும் வாக்காளர் 'இவர்களுக்குப் போட்டால் வீண்' என்று எண்ணத் தொடங்கிவிடுவார். அந்த எண்ணம் பரவிவிட்டால் எவ்வளவு நல்ல தலைவர் வந்தாலும் மீட்க முடியாது. 1951-ல் ஆறு இடங்கள்தான் மிஞ்சின.

அந்த 1951 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து சுமார் 97 சதவீத வாக்கு வாங்கின. 2024-ல் இரண்டும் சேர்ந்து 57 சதவீதம். அப்பா எந்தக் கட்சியோ மகனும் அந்தக் கட்சி என்ற காலம் போய்விட்டது. சுரங்கங்கள் மூடின, சங்கங்கள் சுருங்கின, பிரெக்ஸிட் வர்க்கக் கோடுகளுக்குக் குறுக்கே புதுக்கோடு போட்டது. 1970 முதல் தொழிலாளர் கட்சியின் டெனிஸ் ஸ்கின்னரை அனுப்பிய போல்சோவர் சுரங்க ஊர் 2019-ல் கன்சர்வேட்டிவைத் தேர்ந்தெடுத்தது. பரம்பரை விசுவாசம் இல்லாத வாக்காளர் ஒருமுறை மாறினால் மறுமுறையும் மாறுவார். அதனால்தான் ஊசல் இவ்வளவு வேகமாக ஆடுகிறது.

இந்த நிலையில் 411 இடங்களோடு உட்கார்ந்த அரசு முதலில் கைவைத்தது முதியோரின் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையில். பல லட்சக்கணக்கான ஓய்வூதியர்களுக்கு 200, 300 பவுண்டு நின்றது. கதவைத் தட்டி வாக்கு கேட்கப் போன தொண்டர்களின் காதில் எங்கும் அந்தப் புகார்தான் விழுந்தது. 2025 ஜூனில் பெரும்பாலானவர்களுக்கு அதைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. வெற்றி எவ்வளவு மெல்லிய பலகை மேல் நிற்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த முடிவை எடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

2024-ல் ரிஃபார்ம் இரண்டாமிடம் பிடித்த தொகுதிகள் 98. அவற்றில் 89 தொழிலாளர் கட்சி வென்றவை. 2025 மே 1 உள்ளாட்சித் தேர்தலில் ரிஃபார்ம் 677 இடங்களையும் பத்து மன்றங்களையும் பிடித்தது. அன்றைய வாக்குகளை வைத்து பிபிசி போட்ட தேசியக் கணக்கில் ரிஃபார்ம் 30, தொழிலாளர் கட்சி 20, லிபரல் டெமாக்ரட் 17, கன்சர்வேட்டிவ் 15. பதினான்கு சதவீதத்தில் ஐந்து இடம் கொடுத்துத் தண்டித்த அதே முறை, மற்றவர்கள் நான்காகச் சிதறி நிற்கும்போது முப்பது சதவீதத்துக்கு ஆட்சியையே தூக்கிக் கொடுக்கும். கன்சர்வேட்டிவ் தலைவர் கெமி பேடனாக்கின் உண்மையான கவலை தொழிலாளர் கட்சி அல்ல, 1924-ன் லிபரல்களின் இடம் தன் கட்சிக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான்.

அதே மே 1 அன்று செஷயரில் ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி தொகுதியில் ஓர் இடைத்தேர்தலும் நடந்தது. பத்து மாதம் முன்பு தொழிலாளர் கட்சி அங்கே 14,696 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தது. விடிய விடிய எண்ணி, மறுபடியும் எண்ணி, முடிவு அறிவிக்கப்பட்டபோது ரிஃபார்ம் வேட்பாளர் சாரா போச்சின் ஆறு வாக்கில் வென்றிருந்தார்.